படகில் புலி, படகில் ஜாகுவார்: இது திருட்டா?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், புதிதாகப் படிக்கிறவர்களுக்கும் புரியட்டும். 'லைஃப் ஆஃப் பை' படம் பார்த்தீர்கள், பிடித்துப்போய் யான் மார்ட்டலின் நாவலையும் படித்தீர்கள். பல வருஷம் கழித்து பிரேசில் எழுத்தாளர் மொவாசிர் ஸ்க்லியரின் 'மாக்ஸும் பூனைகளும்' ஆங்கிலத்தில் கையில் கிடைத்தது. அதிலும் கப்பல் மூழ்குகிறது, கப்பலில் மிருகக்காட்சிசாலை விலங்குகள், தப்பிப் பிழைத்தவன் ஒரு சின்னப் படகில், எதிரே ஒரு ஜாகுவார். "அப்பட்டமான காப்பிதானே, இதற்கா புக்கர் பரிசு கொடுத்தார்கள்?" என்பது முதல் கேள்வி. இப்படி ஒற்றுமை தட்டுப்படும்போது எது காப்பி, எது தற்செயல் என்று எப்படிச் சொல்வது என்பது இரண்டாவது.

முதல் கேள்விக்கு என் பதில்: கடன் வாங்கியிருக்கிறார், அதை அவரே எழுதியும் வைத்திருக்கிறார், திருட்டு என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் கடன் வாங்கிய விதத்தைப் பற்றி அவர் பின்னால் பேசிய பேச்சு இருக்கிறதே, அது மோசம். அதைப் பிறகு சொல்கிறேன்.

இரண்டு நாவலையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். ஸ்க்லியரின் நாவல் 1981இல் போர்ச்சுகீசிய மொழியில் வந்தது, ஆங்கிலத்தில் 1990இல். மிகச் சின்ன நாவல், ஒரு மதியத்தில் முடித்துவிடலாம். மூன்று பகுதி, மூன்றிலும் ஒவ்வொரு பூனையினத்து மிருகம். முதலில் பெர்லினில் அப்பாவின் தோல் உடுப்புக் கடையில், அலமாரி மேல் வைத்திருக்கும் பாடம் செய்த வங்கப் புலி. மாக்ஸுக்கு அதைக் கண்டால் நடுக்கம், அப்பாவைக் கண்டாலும் நடுக்கம், இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். வளர்ந்தபின் நாஜி ஒருவனின் மனைவியோடு தொடர்பு, அது தெரிந்துபோய் உயிருக்குப் பயந்து பிரேசிலுக்குக் கப்பல் ஏறுகிறான். கப்பல் மூழ்குகிறது, படகில் ஜாகுவார். அது இரண்டாவது பகுதி. மூன்றாவதில் தெற்கு பிரேசிலில் குடியேறி வாழ்கிறான், அங்கேயும் மலையில் ஒரு காட்டுப் பூனை, பக்கத்தில் நாஜி என்று இவன் சந்தேகப்படும் ஒரு ஆள். ஆக, உங்களை உலுக்கிய படகுக் காட்சி அந்த நாவலின் நடுத்துண்டு மட்டும்தான். ஸ்க்லியர் யூதர், மருத்துவர், 1964 முதல் 1985 வரை ராணுவ ஆட்சி நடந்த நாட்டில் உட்கார்ந்து எழுதியவர். அவருக்கு ஜாகுவார் என்றால் அதிகாரம். எதிரே உட்கார்ந்துகொண்டு எப்போது பாயும் என்று தெரியாமல் வைத்திருக்கும் சர்வாதிகாரம். படகை விட்டு இறங்கினாலும் அந்தப் பயம் கூடவே வருகிறது, கதையே அதுதான்.

மார்ட்டலின் நாவல் 2001இல் வந்தது, 2002இல் புக்கர். பாண்டிச்சேரியில் மிருகக்காட்சிசாலை நடத்துகிறவரின் மகன் பை படேல், குடும்பம் கனடாவுக்குப் போகும் வழியில் 1977 ஜூலையில் கப்பல் மூழ்குகிறது, 227 நாள் கடலில். முதலில் படகில் வரிக்குதிரை, கழுதைப்புலி, ஒராங்குட்டான் எல்லாம் இருக்கின்றன, கடைசியில் மிஞ்சுவது புலியும் பையனும். முன்னுரையிலேயே நம்ம ஊர் இந்தியன் காபி ஹவுஸில் ஒரு பெரியவர், கடவுளை நம்பவைக்கும் கதை ஒன்று என்னிடம் இருக்கிறது என்று சொல்கிறார். சைவச் சாப்பாட்டுக்காரப் பையன் முதன்முதலில் ஒரு பறக்கும் மீனைக் கொல்லும் இடம் ஞாபகம் இருக்கிறதா? கண்ணால் பார்க்க முடியாமல் போர்வையில் சுற்றி, கை நடுங்க நடுங்கக் கழுத்தை முறித்துவிட்டு, அழுகிறான். அந்த மாதிரி ஒரு பக்கம் ஸ்க்லியரிடம் கிடையாது, அவருக்கு அது தேவையும் இல்லை. கடைசியில் ஜப்பானியர் இருவர் வந்து விசாரிக்க, பை மிருகங்களே இல்லாத இன்னொரு கதையைச் சொல்கிறான், அதில் சமையற்காரன், மாலுமி, அம்மா. இரண்டில் எது பிடித்திருக்கிறது என்று கேட்கிறான். அந்த ஒரு கேள்விக்காகத்தான் அத்தனை பக்கமும் எழுதப்பட்டிருக்கிறது.

சரி, இதை வைத்து ஒற்றுமையை எப்படி எடைபோடுவது? பலர் செய்வது பட்டியல் போடுவது. இதிலும் மழைத்தண்ணீர் பிடிக்கிறான், அதிலும் பிடிக்கிறான், இதிலும் தூரத்தில் ஒரு கப்பல் கவனிக்காமல் போகிறது, அதிலும் போகிறது, ஆக பதினேழு ஒற்றுமை, கேஸ் முடிந்தது என்பார்கள். நடுக்கடலில் ஒருவனைப் படகில் விட்டால் அவன் வேறு என்னதான் செய்வான்? தாகம், வெயில், மீன், ஆமை, உப்புப் புண், பிரமை, இதெல்லாம் கடல் கொடுக்கிற சாமான். மாமியார் மருமகள் கதை எழுதினால் சமையலறை வரத்தான் செய்யும். அதை எண்ணிக்கையில் சேர்க்கக் கூடாது. சேர்த்தால் உலகத்தில் உள்ள எல்லாக் கதையும் எல்லாக் கதைக்கும் காப்பி.

நான் பார்ப்பது வேறு. சில வருஷம் ஒரு மாத இதழுக்கு வரும் கதைகளை முதல் சுற்றில் படித்துப் பிரிக்கும் வேலை செய்தேன், சம்பளமில்லாத வேலை, சிக்கன் பப்ஸும் டீயும் உண்டு. ஒருமுறை வந்த கதையில் அப்பாவுக்கும் மகனுக்கும் வீட்டை விற்பது பற்றித் தகராறு. அப்பா துணிக்கடை வைத்திருந்தவர். ஹாலில் ஒரு சுவர்க்கடிகாரம், ஏழு நிமிஷம் முன்னால் ஓடுகிறது. கதையில் மூன்று இடத்தில் அந்த ஏழு நிமிஷம் வருகிறது. ஏன் ஏழு, ஏன் முன்னால், யாருக்கும் கவலையில்லை, கதை பாட்டுக்கு முடிந்துவிடுகிறது. எனக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது, ரெண்டு நாள் கழித்துத்தான் பொறி தட்டியது. ரொம்ப முன்னால் படித்த வேறொரு கதை. அதில் அப்பா ரயில்வே கேட் கீப்பர், வாழ்நாள் பூராவும் வண்டிக்கு முன்னால் போய் நிற்க வேண்டியவர், அதனால் வீட்டுக் கடிகாரத்தை முன்னால் தள்ளி வைத்திருப்பார், ஓய்வு பெற்ற பிறகும் மாற்ற விடமாட்டார். அந்தக் கதையே கடிகாரத்தைச் சுற்றித்தான். நம்மவர் கேட் கீப்பரைத் துணிக்கடைக்காரராக மாற்றிவிட்டார், ஊரை மாற்றிவிட்டார், பெயர்களை மாற்றிவிட்டார், கடிகாரம் மட்டும் பழைய வீட்டிலிருந்து வந்து புது வீட்டில் வேலையில்லாமல் தொங்கிக்கொண்டிருந்தது.

அன்றிலிருந்து இரண்டு கதை ஒன்றுபோல் இருக்கிறது என்று யாராவது கொண்டுவந்தால் நான் முதலில் தேடுவது இந்த மாதிரி வெட்டியாக நிற்கும் சாமானைத்தான். முதல் கதையில் அதற்கு ஒரு வேலை இருந்திருக்கும், இரண்டாவதில் வேலை இருக்காது. பெரிய ஒற்றுமைகள், அதாவது கரு, திருப்பம், முடிவு, இவை இரண்டு பேருக்குத் தனித்தனியே தோன்றலாம். காரணமில்லாத ஏழு நிமிஷம் தோன்றாது.

அந்த எழுத்தாளரைக் கேட்டேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பழைய கதையின் நகலை அனுப்பினேன். மனிதர் அழாத குறை. கல்லூரியில் படித்திருக்கிறார், சுத்தமாக மறந்துவிட்டார், கடிகாரம் தன் தாத்தா வீட்டுக் கடிகாரம் என்றே நம்பிக்கொண்டிருந்தாராம். நான் நம்பினேன், இன்றைக்கும் நம்புகிறேன். ஏனென்றால் இதற்கு ஹெலன் கெல்லரே சாட்சி. பதினோரு வயதில் 'பனி அரசன்' என்று ஒரு குட்டிக் கதை எழுதி, பாஸ்டன் பெர்கின்ஸ் பார்வையற்றோர் பள்ளியின் இயக்குநர் அனாக்னோஸுக்குப் பிறந்தநாள் பரிசாக அனுப்பினாள். அவர் பூரித்துப்போய் 1892இல் அச்சிட்டார். கொஞ்ச நாளில் மார்கரெட் கேன்பி என்பவர் எழுதிய பழைய கதையோடு அது மிக நெருக்கமாக ஒத்துப்போவது தெரிந்தது. ஆசிரியர் சல்லிவனைக்கூட அறையை விட்டு வெளியே அனுப்பிவிட்டு, பெரியவர்கள் கூடி உட்கார்ந்து அந்தக் குழந்தையை விசாரித்தார்கள். நடந்தது இதுதான்: 1888இல், மொழியே அவளுக்குப் புதிதாக இருந்த நாட்களில், யாரோ அந்தக் கதையை அவள் உள்ளங்கையில் எழுத்து எழுத்தாகப் படித்துக்காட்டியிருக்கிறார்கள். கதை கேட்டது மறந்துவிட்டது, கதை மறக்கவில்லை. பின்னாளில் தன் வரலாற்றில், எது என் எண்ணம், எது படித்தது என்று எனக்கே எல்லைக்கோடு தெரிவதில்லை என்ற பொருளில் எழுதினார். மார்க் ட்வைன் அந்த விசாரணைக்காரர்களைத் திட்டி அவருக்கு எழுதிய கடிதம் பிரசித்தம்.

இதற்கு நேர்மாறாக, வாக்கியமே காட்டிக்கொடுத்த கேஸ் ஒன்று. 2006இல் ஹார்வர்டு மாணவி ஒருவரின் முதல் நாவல் பெரிய முன்பணத்தோடு வெளிவந்தது, சில வாரத்தில் அந்தப் பல்கலைக்கழக மாணவர் நாளிதழே குட்டை உடைத்தது. அதற்கு முன்பே வந்திருந்த, மேகன் மெக்காஃபர்ட்டி என்ற வேறொரு எழுத்தாளரின் நாவலில், நாயகி தன் தோழியைப் பற்றிச் சொல்கிறாள்: அவளுக்கும் என் வயது, எதிர்வீடு, முதல் பன்னிரண்டு வருஷம் நெருங்கிய தோழியாக இருக்க இந்தத் தகுதிகள் போதுமாக இருந்தன. புதிய நாவலில் தோழி அதே வயது, வீடு இரண்டு தெரு தள்ளி, பன்னிரண்டு வருஷம் பதினைந்து வருஷம் ஆகியிருக்கிறது, மீதி வாக்கியம் அப்படியே. எண்ணை மாற்றியிருக்கிறார்கள் பாருங்கள்! மனசுக்குள் மறைந்திருந்து வந்தது என்று அவரும் ஹெலன் கெல்லர் மாதிரிதான் சொன்னார். இந்த மாதிரி இடங்கள் ஒன்றிரண்டு அல்ல, டஜன் கணக்கில் எடுத்துக் காட்டினார்கள், பதிப்பகம் பிரதிகளைத் திரும்பப் பெற்றது. உள்ளே என்ன நடந்தது என்று நாம் தீர்ப்புச் சொல்ல முடியாது, ஆனால் பக்கத்தில் என்ன இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரிகிறது.

இப்போது 'பை'க்குத் திரும்புவோம். கடிகாரச் சோதனையை அதற்குப் போட்டுப் பார்த்தால் என்ன வருகிறது? ஸ்க்லியரிடமிருந்து எடுத்தது ஒரே ஒரு படிமம், படகில் மனிதனும் மிருகமும். அது புது வீட்டில் சும்மா நிற்கிறதா? இல்லை, மொத்த வீட்டையும் அதுதான் தாங்குகிறது, அதுவும் வேறு வேலைக்காக. ஸ்க்லியரின் ஜாகுவார் பயத்தின் உருவம். மார்ட்டலின் புலி பயமும்தான், ஆனால் அது இருப்பதால்தான் பையன் உயிரோடு இருக்கிறான், கடைசியில் திரும்பிக்கூடப் பார்க்காமல் காட்டுக்குள் போகும்போது அவன் குலுங்கிக் குலுங்கி அழுகிறான். அதே மரம், ஒருவர் சிலுவை செய்தார், ஒருவர் தொட்டில் செய்தார் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

இன்னும் சுவாரசியம், அந்தப் புலியின் பெயர். ரிச்சர்ட் பார்க்கர். படம் பார்த்த பாதிப் பேர் இதை வெறும் வேடிக்கைப் பெயர் என்று நினைத்திருப்பார்கள். எட்கர் ஆலன் போ 1838இல் எழுதிய நாவல் ஒன்றில் நாலு பேர் உடைந்த கப்பலில் பட்டினியாக மிதக்கிறார்கள், யாரையாவது ஒருவரைத் தின்றால்தான் பிழைக்கலாம் என்ற யோசனையை முன்வைப்பவன் பெயர் ரிச்சர்ட் பார்க்கர், சீட்டுக் குலுக்கினால் சீட்டு அவனுக்கே விழுகிறது. அதே நாவலில் நாயகனின் நாய்க்குப் பெயர் டைகர். இது கதை. அப்புறம் 1884இல் மின்யனெட் என்ற சின்னப் படகு இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனிலிருந்து சிட்னிக்குக் கிளம்பி வழியில் மூழ்கியது, நிஜமாகவே. நாலு பேர் ஒரு தோணியில் தப்பினார்கள், கையில் இரண்டு டின் டர்னிப் கிழங்கு, நடுவில் ஒரு ஆமை கிடைத்தது, பிறகு ஒன்றும் இல்லை. கடைசியில் மயங்கிக் கிடந்த பதினேழு வயதுப் பையனைக் கொன்று தின்றார்கள். அவன் பெயர் ரிச்சர்ட் பார்க்கர். மீட்கப்பட்டு ஊர் வந்ததும் கேப்டன் டட்லி, ஸ்டீபன்ஸ் இருவர் மீதும் கொலை வழக்கு, மரண தண்டனை, பிறகு அது ஆறு மாதச் சிறையாகக் குறைந்தது. சட்டக் கல்லூரியில் படித்தவர்கள் எல்லோரும் இந்த வழக்கைத் தாண்டித்தான் வந்திருப்பார்கள்.

இதை எதற்கு இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், ஒரே செய்தியில் இரண்டு விஷயம் இருக்கிறது. ஒன்று, போவின் கதைக்கும் 46 வருஷம் கழித்து நடந்த சம்பவத்துக்கும் உள்ள ஒற்றுமையில் யாரும் யாரையும் காப்பியடிக்கவில்லை, கடல் காப்பியடிக்காது. பெயர் உட்பட ஒத்துப்போகும் தற்செயல் உலகத்தில் உண்டு. இரண்டு, மார்ட்டல் அந்தப் பெயரை எடுத்துப் புலிக்கு வைத்தபோது, தெரிந்தவன் கண்டுபிடிக்கட்டும் என்றே வைத்தார். மனிதன் மனிதனைத் தின்ற கதையின் பெயரைப் புலிக்குச் சூட்டிவிட்டு, கடைசி அத்தியாயங்களில் மிருகமில்லாத இன்னொரு கதையை எடுத்துப் போடுகிறார், அதில் சமையற்காரன் மனிதனைத் தின்கிறான் என்று உங்களுக்குத் தெரியும். அந்தப் பெயர் முதல் பக்கத்திலிருந்தே வேலை பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. திருடினவன் அடையாளத்தை அழிப்பான். இவர் அடையாள அட்டையைப் புலியின் கழுத்திலேயே மாட்டிவிட்டார்.

ஸ்க்லியர் விஷயத்திலும் முன்னுரையில் அவர் பெயரைச் சொல்லி, கதைக்கு உயிர்ப்பொறி தந்தவர் என்று நன்றி சொல்லியிருக்கிறார். பிறகு ஏன் சண்டை வந்தது? வாயால். புக்கர் கிடைத்து பிரேசில் பத்திரிகைகள் கொதித்தபோது மார்ட்டல் கொடுத்த விளக்கம்: நான் அந்த நாவலைப் படித்ததில்லை, நியூயார்க் டைம்ஸில் அமெரிக்க எழுத்தாளர் ஜான் அப்டைக் எழுதிய மதிப்புரையை மட்டும் படித்தேன், அதில் அவ்வளவாகப் பாராட்டவில்லை, இப்படி ஒரு அற்புதமான கரு ஒரு சாதாரண எழுத்தாளர் கையில் வீணாகிவிட்டதே என்று நினைத்தேன். தேடிப்பார்த்தால் அப்டைக் அப்படி ஒரு மதிப்புரை எழுதவே இல்லை. அந்தப் பத்திரிகையில் வந்தது வேறொருவர் எழுதியது, அதுவும் பாராட்டி. நினைவுப் பிசகாகவே இருக்கட்டும், கடிகாரக்காரரை நம்பிய நான் இதையும் நம்பத் தயார். ஆனால் படிக்காத புத்தகத்தை 'வீணாகிவிட்டது' என்று எப்படிச் சொல்லலாம்? கடன் வாங்கினவன் கொடுத்தவரை ஏழை என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தால் எப்படி இருக்கும். ஸ்க்லியர் வழக்குப் போடுவது பற்றி யோசித்தார், பின் வேண்டாம் என்று விட்டுவிட்டார். தன் கருவை இன்னொருவர் எடுத்தது ஒருவகையில் பெருமைதான், ஆனால் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்கிற தொனியில் பேசினார். 2011இல் காலமானார்.

வழக்குப் போட்டிருந்தால் ஜெயித்திருப்பாரா என்பது அடுத்த கேள்வியாக வரும். பிரேசில் சட்டத்தை விடுங்கள், நம் நாட்டில் என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று பார்க்கலாம், அந்த வழக்கில் ஒரு தமிழ்ச் சங்கதியும் இருக்கிறது. ஆர்.ஜி. ஆனந்த் என்பவர் 1953இல் 'ஹம் ஹிந்துஸ்தானி' என்று ஒரு நாடகம் எழுதினார், டெல்லியில் மேடையேறியது. பஞ்சாபிக் குடும்பமும் மதராஸிக் குடும்பமும் பக்கத்துப் பக்கத்து வீடு, நல்ல சிநேகம், பிள்ளைகள் காதலிக்கிறார்கள் என்றதும் சிநேகம் போச்சு. 1956இல் 'நியூ டெல்லி' என்ற இந்திப் படம் வந்தது. கிஷோர் குமார் பஞ்சாபி இளைஞர், டெல்லியில் வாடகைக்கு அறை கிடைக்காமல் தமிழராக வேஷம் போட்டுக் குடிபுகுகிறார், காதலி தமிழ்ப்பெண்ணாக நம் வைஜெயந்திமாலா. படம் எடுப்பதற்கு முன்னால் ஆனந்த் தன் நாடகத்தை இயக்குநர் மோகன் சைகலுக்குச் சொல்லியும் காட்டியிருந்தார். கேட்டால் நமக்கு எல்லாம் பற்றிக்கொண்டுதான் வரும். ஆனாலும் கீழ் நீதிமன்றம், உயர் நீதிமன்றம், கடைசியில் 1978இல் உச்ச நீதிமன்றம் எல்லாவற்றிலும் ஆனந்த் தோற்றார். கருவுக்கும் கதைப்பொருளுக்கும் காப்புரிமை கிடையாது, அதைச் சொன்ன விதத்துக்குத்தான் உண்டு, இரண்டையும் பார்த்தவனுக்கு இது அதன் நகல்தான் என்று ஐயமில்லாமல் தோன்ற வேண்டும் என்றது தீர்ப்பு. படத்தில் வீட்டு வாடகைப் பாகுபாடும் வரதட்சணையும் இருக்கின்றன, நாடகத்தில் அவை இல்லை என்பதும் ஒரு காரணம். அதே பெஞ்சில் இருந்த நீதிபதி பதக் மட்டும் முடிவை ஏற்றுக்கொண்டே ஒரு எச்சரிக்கை சேர்த்தார்: சில்லறை மாற்றங்கள் செய்து, கதையைக் கொஞ்சம் விரித்து, வேறுபோலத் தோன்றும்படி ஒரு திரை போட்டுவிட்டால் உரிமையைச் சுலபமாக மீறலாம் என்ற எண்ணம் பரவக் கூடாது, இன்னும் தெளிவான வழக்கு வந்தால் நீதிமன்றம் தலையிட வேண்டியிருக்கும் என்று. எனக்கு எப்போதும் பதக் பக்கம்தான் கொஞ்சம் சாய்வு. சட்டப்படி தப்பித்தல் வேறு, ஒரு ஃபோன் போட்டு 'ஐயா உங்கள் கதை எனக்குப் பொறி கொடுத்தது' என்று சொல்வது வேறு.

ஆகவே உங்கள் இரண்டாவது கேள்விக்கு, இனிமேல் இப்படி எதுவும் கண்ணில் பட்டால் உடனே ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் பக்கம் பக்கமாகப் பட்டியல் போட வேண்டாம். முதலில் எது யார் கைக்கு எப்போது கிடைத்திருக்க முடியும் என்று வருஷத்தைப் பாருங்கள், மொழிபெயர்ப்பு வந்த வருஷத்தையும் சேர்த்து. அந்தக் களத்தில் யார் எழுதினாலும் வந்தே தீரும் சாமான்களைக் கழித்துவிடுங்கள். மிச்சம் நிற்பதை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்து, நீ இங்கே என்ன செய்துகொண்டிருக்கிறாய் என்று கேளுங்கள். பெரும்பாலும் மிச்சமே இருக்காது, ஏமாற்றமாக இருக்கும். இருந்தால், ஏழு நிமிஷம் முன்னால் ஓடும் கடிகாரம் மாதிரி ஏதாவது ஒன்று சுவரில் தொங்கும்.

இன்னொன்று, 'மாக்ஸும் பூனைகளும்' படித்தபோது ஜாகுவார் வந்த இடத்திலேயே உங்களுக்கு 'பை' ஞாபகம் வந்துவிட்டதால் மூன்றாவது பகுதியை வேகமாகத் தள்ளியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன், நானும் முதல் தடவை அப்படித்தான் தள்ளினேன். அந்தப் பக்கத்து வீட்டு ஆள் வரும் இடத்திலிருந்து திரும்பப் படியுங்கள்.